வுர்லிட்சர் 200ஏ: உர்ர் சத்தமும் கரகரப்பும் எங்கிருந்து வருகிறது?

பெருமாள்புரம்_மாடிவீடு:

எல்லோருக்கும் வணக்கம். என் சித்தப்பா அமெரிக்காவிலிருந்து ஊருக்கே திரும்பியபோது வீட்டுச் சாமான்களோடு ஒரு வுர்லிட்சர் 200ஏ எலக்ட்ரிக் பியானோவையும் கப்பலில் ஏற்றிவிட்டார். இப்போது அது பாளையங்கோட்டையில் எங்கள் மாடியறையில் இருக்கிறது. 64 கட்டைகளும் பேசுகின்றன. மெதுவாகத் தொட்டால் அவ்வளவு இனிமை. கொஞ்சம் அழுத்தினால் குரல் கரடுமுரடாகி வருவது அதைவிடப் பிடித்திருக்கிறது.

ஆனால் இரைச்சல் தாங்க முடியவில்லை. போட்டவுடன் அடியில் உர்ர் என்று ஒரு முனகல். அதற்கு மேலே ஜ்ஜ்ஜ் என்று கூர்மையாக ஒன்று. ஃபேனை மெதுவாக வைத்தால் அது இன்னும் கூடுகிறது. நடுவில் உள்ள இரண்டு கட்டைகளைத் தொட்டால் கரகர, சில சமயம் பட் என்று வெடிப்பு. இது போதாதென்று, மைக் வைத்துப் பதிவு செய்தால் கட்டை விழும் டக் டக் சத்தம் பாட்டைவிட முன்னால் வந்து நிற்கிறது.

நம்மூர் 230 வோல்ட்டை 110 ஆகக் குறைக்கிற ஸ்டெப் டவுன் பெட்டி ஒன்றை ஜங்ஷனில் வாங்கி, அதன் வழியாகத்தான் கரண்ட் கொடுக்கிறோம். இடத்தை அடைக்காமல் இருக்கட்டும் என்று பெட்டியைப் பியானோவுக்கு அடியிலேயே வைத்திருக்கிறோம். கிறிஸ்துமஸுக்கு எங்கள் கொயருக்குச் சில பாட்டுகள் பதிவு செய்ய வேண்டும். இதை விற்றுவிட்டு நல்ல டிஜிட்டல் கீபோர்டு வாங்கிக்கொள் என்று கேட்டவர்கள் எல்லாம் சொல்கிறார்கள். எனக்கு மனசு வரவில்லை. எங்கே தொடங்குவது?

அம்பை_கிட்டார்:

எர்த் முள்ளை மட்டும் எடுத்துவிட்டுப் பாருங்கள். மேடையில் கிட்டார் ஆம்ப் இரைந்தால் நாங்கள் அதைத்தான் செய்வோம், பாதிச் சத்தம் அடங்கிவிடும். மீதியைப் பதிவு செய்த பிறகு கம்ப்யூட்டரில் நாய்ஸ் ரிடக்‌ஷன் போட்டுச் சுத்தம் செய்துகொள்ளலாம்.

கொடைக்கு_மைக்செட்:

தங்கச்சி, எர்த் முள்ளைத் தொடாதீர்கள். அம்பைத் தம்பி நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார். ஆனால் இந்த விஷயத்தில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். கொடை நடக்கும் கோவில்களுக்கு மைக்செட் போட்டு வயதானவன் நான். ஈர மணலில் வெறுங்காலோடு நின்று மைக்கைப் பிடித்தவர்கள் ஷாக் அடித்துத் தூக்கி எறியப்பட்டதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். எர்த் இருந்தால் இரைகிறது என்றால் இணைப்பில் எங்கோ கோளாறு என்று அர்த்தம். அந்த இடத்தைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டுமே தவிர, உயிர் காக்கிற கம்பியை அறுக்கக் கூடாது.

உங்கள் கருவி எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால் பாதிப் பயம் போய்விடும். கட்டையை அழுத்தினால் சுத்தியல் எஃகு ரீடை, அதாவது மெல்லிய எஃகு நாக்கை, அடிக்கிறது. ரீடின் நுனி பக்கத்தில் இருக்கும் உலோகத் தகட்டின் பள்ளத்துக்குள் மேலும் கீழும் ஆடுகிறது. தகட்டுக்கும் ரீடுக்கும் நடுவே ஏறக்குறைய 150 வோல்ட் டிசி நிற்கிறது. ரீடு ஆடும்போது இடைவெளி மாறுகிறது, மின்னேற்றம் மாறுகிறது, அதுதான் ஓசையாகிறது. கிட்டாரில் இருப்பது காந்தப் பிக்கப். இங்கே நடப்பது கண்டென்சர் மைக்கின் வேலை. வருகிற சிக்னல் மிக மெலிது, இம்பிடன்ஸோ (அலையும் கரண்ட்டுக்கு உள்ள தடை) மிக அதிகம். அதனால் வீட்டில் அலைகிற எல்லா மின் இரைச்சலையும் இது காது கொடுத்துக் கேட்கும். கருவி கெட்டுப்போனதால் மட்டுமே இரைகிறது என்று நினைக்காதீர்கள். உள்ளே கோளாறு இருக்கலாம், வீட்டு வயரிங்கிலும் இருக்கலாம், ஸ்டெப் டவுனிலும் இருக்கலாம். நீங்கள் சொன்னதைப் பார்த்தால் மூன்றுமே இருக்கும் போலத் தெரிகிறது. ஒவ்வொன்றாகப் பிரிக்க வேண்டும், அதற்குக் காசு செலவில்லை.

முதலில் வால்யூமை அடியோடு குறையுங்கள். அப்போதும் கேட்கிற முனகல், ஸ்பீக்கரை ஓட்டுகிற பவர் ஆம்ப், பவர் சப்ளை பக்கத்தைச் சேர்ந்தது. வால்யூமை ஏற்றும்போது கூடவே ஏறுவது, ரீடு பக்கத்திலும், அதன் மெலிந்த சிக்னலை முதலில் பெரிதாக்கும் ப்ரீஆம்ப் பக்கத்திலும் நுழைவது. இரண்டையும் கலந்து யோசித்தால் மாதக்கணக்கில் அலையலாம்.

அடுத்தது, வாசிக்கிறவர் என்பதால் உங்களுக்குச் சுலபம். முனகலின் சுருதியைப் பிடியுங்கள். இடப்பக்கக் கடைசிக் கட்டை ஏ, 55 ஹெர்ட்ஸ். அதற்கு மேலே வரும் முதல் ஜி 98 ஹெர்ட்ஸ். நம்மூர் கரண்ட் 50 ஹெர்ட்ஸ். அந்த ஜி கட்டையை அழுத்திப் பிடித்தால், முனகலோடு சேர்ந்து நொடிக்கு இரண்டு தடவை ஓசை அலையடிக்கிறதா? அப்படியானால் முனகல் 100 ஹெர்ட்ஸ். பெரும்பாலும் பவர் சப்ளையில் கரண்ட்டைச் சீராக்குகிற பழைய ஃபில்டர் கண்டென்சர்கள் களைத்துவிட்டன என்று பொருள். கடைசி ஏ கட்டைக்கும் கீழே, ஒரு முழுச் சுரத்துக்குச் சற்றுக் குறைவான தூரத்தில் ஆழமாகக் கேட்டால் அது 50. பக்கத்தில் உள்ள டிரான்ஸ்ஃபார்மரின் காந்தப்புலம்தான் முதல் சந்தேகம். சுருதியே பிடிபடாமல் கூர்மையாக ஜ்ஜ்ஜ் என்றால் டிம்மர் (விளக்கு, ஃபேனைக் குறைக்கும் குமிழ்), எர்த், ஷீல்டு (இரைச்சலைத் தடுக்கும் உலோக மறைப்பு) இந்த மூன்றில் ஒன்று.

இரவில் வீட்டாரிடம் சொல்லிவிட்டு, அந்த அறையின் பிளக் பாயிண்டுக்குப் போகும் எம்சிபியை மட்டும் விட்டுவிட்டு மற்றதையெல்லாம் இறக்குங்கள். பிறகு ஒவ்வொன்றாக ஏற்றிக்கொண்டே கேளுங்கள். ஃபேன் ரெகுலேட்டர் வழவழவென்று சுற்றும் குமிழ் வகையா, கட் கட் என்று படி படியாக நிற்கிற வகையா? சுற்றும் வகை கரண்ட்டின் அலையை நடுவில் வெட்டித்தான் வேகத்தைக் குறைக்கிறது. வெட்டுகிற ஒவ்வொரு தடவையும் இரைச்சல் கிளம்பும். படி வைத்த ரெகுலேட்டரில் உள்ளே கண்டென்சர்தான், அது இவ்வளவு தொல்லை தராது. மாற்றுவதற்குப் பெரிய செலவும் இல்லை. அப்படியே இன்வெர்ட்டர் ஸ்கொயர் வேவா (சதுர அலை), சைன் வேவா (வீட்டுக் கரண்ட் மாதிரி வளைந்த அலை) என்றும் பாருங்கள். கரண்ட் போன நேரத்தில் ஸ்கொயர் வேவில் இந்தக் கருவியை வாசிக்கவே வேண்டாம்.

இனி அந்த ஸ்டெப் டவுன். அதை அடியில் வைத்ததுதான் எனக்கு உறுத்துகிறது. வயர் எட்டுகிற கடைசித் தூரத்துக்குத் தள்ளி வையுங்கள், பெட்டியைப் பக்கவாட்டிலும் திருப்பிப் பாருங்கள். முனகல் குறைகிற திசை ஒன்று இருக்கும். பிறகு எல்லாவற்றையும் பிளக்கிலிருந்து உருவிவிட்டு, மல்டிமீட்டரைப் பீப் சத்தத்தில் வைத்துக்கொண்டு, பெட்டியின் மூன்று முள் பிளக்கில் உள்ள தடித்த முள்ளையும் அதன் அவுட்புட் சாக்கெட்டின் எர்த் ஓட்டையையும் தொடுங்கள். பீப் வராவிட்டால் உங்கள் பியானோவின் உலோக உடம்புக்கு இன்றுவரை எர்த்தே கிடையாது.

சாஃப்ட்வேர் பற்றி ஒரே வார்த்தை. நாய்ஸ் ரிடக்‌ஷன் இரைச்சலோடு ரீடின் மூச்சையும் எடுத்துவிடும். ஓசை மெல்ல அடங்கும் அந்த வால்தான் இந்தக் கருவிக்கு அழகு, அதையே முதலில் தின்னும். மூலத்தில் அடக்கிய பிறகு மிச்சம் இருக்கிற துளிக்கு வேண்டுமானால் போடுங்கள்.

தூத்துக்குடி_உப்புக்காற்று:

அண்ணாச்சி சொன்னதோடு ஒன்று சேர்த்துக்கொள்கிறேன். என்னிடம் இருப்பது ரோட்ஸ் ஸ்டேஜ் 73, இன்னொரு வகை எலக்ட்ரிக் பியானோ. அதற்குக் கரண்டே தேவையில்லை. கம்பி போன்ற டைன் ஆடுவதைக் காந்தப் பிக்கப் எடுத்துக் கொடுக்கிறது, அவ்வளவுதான். அப்படி இருந்தும் உறுமும், ஏனென்றால் 73 காயில்களும் ஆம்ப்பின் டிரான்ஸ்ஃபார்மரை மோப்பம் பிடிக்கின்றன. நான் பியானோவைச் சுவரை விட்டுக் குறுக்காகத் திருப்பி, ஆம்ப்பை எதிர்மூலைக்குக் கொண்டுபோனேன். உறுமல் பெருமளவு அடங்கியது. ஹார்ப்பிலிருந்து (டைன்களும் பிக்கப்புகளும் பொருத்திய சட்டம்) முன்பக்கம் வரும் ஆர்சிஏ வயரையும், ஹார்ப்பின் கிரவுண்டு இணைப்பையும் சுத்தம் செய்தபோது மீதியும் போனது. எங்கள் ஊர்க் காற்றில் பித்தளை, செம்பு எல்லாம் சீக்கிரம் பச்சை பிடித்துவிடும். ரோட்ஸ் வைத்திருப்பவர்கள் அந்த இரண்டு இணைப்பையும்தான் முதலில் பார்க்க வேண்டும். டக் டக் சத்தம் எனக்கும் இருந்தது. சுத்தியல் நுனியில் இருக்கும் நியோப்ரீன் இறுகிப் பள்ளம் விழுந்திருந்தது, மாற்றியதும் சரியானது. வுர்லிட்சரில் நுனி ஃபெல்ட் என்பதால் அதற்கு மருந்து வேறு.

சிலுவைத்தெரு_ஆர்கன்:

இதைப் படிக்கிற யாராவது அமெரிக்காவிலிருந்து ஹேமண்ட் டோன்வீல் ஆர்கன் (மோட்டார் சுற்றும் சக்கரங்களால் ஓசை எழுப்புவது) கொண்டுவர நினைத்தால் ஒரு எச்சரிக்கை. ஸ்டெப் டவுன் வோல்ட்டைத்தான் மாற்றும், ஹெர்ட்ஸை மாற்றாது. ஹேமண்டின் மோட்டார் கரண்ட்டின் அலையோடு சேர்ந்து சுற்றுகிறது. 60 ஹெர்ட்ஸுக்குச் செய்தது இங்கே 50இல் மெதுவாகச் சுற்றும். ஆர்கன் முழுவதும் மூன்று அரைச்சுரத்துக்கும் சற்றுக் கூடுதலாக இறங்கிப் பாடும். 50 ஹெர்ட்ஸ் மாடலைத் தேடி வாங்குங்கள், இல்லாவிட்டால் ஃப்ரீக்வென்சி கன்வெர்ட்டர் வேண்டும். வுர்லிட்சருக்கு இந்தக் கவலை இல்லை, அதன் சுருதி ரீடிலேயே இருக்கிறது.

பெருமாள்புரம்_மாடிவீடு:

அண்ணாச்சிக்கு மிக்க நன்றி. நீங்கள் சொன்ன வரிசையிலேயே செய்தேன்.

பெட்டியை அறையின் மூலைக்குத் தள்ளியதும் ஆழமான உர்ர் பெரும்பாலும் போய்விட்டது. நம்பவே முடியவில்லை. வால்யூமை முழுதாகக் குறைத்தாலும் மெல்லிய முனகல் ஒன்று இருக்கிறது. ஜி கட்டையோடு சேர்த்துக் கேட்டால் நீங்கள் சொன்ன அலை தெளிவாக வருகிறது. கூர்மையான சத்தம் பக்கத்துப் படுக்கையறை ரெகுலேட்டரால்தான், அது சுற்றும் குமிழ் வகை. ஆனால் அதை அணைத்தாலும் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. மீட்டரில் பீப் வரவில்லை. அதைக் கேட்டதும் அப்பா பெட்டியை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டார். இன்வெர்ட்டர் சைன் வேவ்தான்.

கரகரப்பும், வால்யூமோடு ஏறுகிற ஒரு உஸ்ஸ் சத்தமும், டக் டக்கும் அப்படியே இருக்கின்றன. மூடியைத் திறந்து நானே பார்க்கலாமா?

கொடைக்கு_மைக்செட்:

அப்பா செய்தது ரொம்பச் சரி. எர்த் சரியாகும்வரை அது அலமாரியிலேயே இருக்கட்டும்.

எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு முதலில் சுவர் பாயிண்டில் எர்த் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். நம் பக்கம் பல வீடுகளில் உப்பும் கரியும் போட்ட எர்த் குழி சித்திரை, வைகாசியில் காய்ந்து கட்டியாகிவிடும். தண்ணீர் ஊற்றுவாரே இல்லை. பிறகு ஸ்டெப் டவுன். விலை குறைந்த பெட்டிகளில் பல ஆட்டோ டிரான்ஸ்ஃபார்மர்கள். உள்ளே ஒரே கம்பிச் சுற்றுதான், வீட்டு லைனுக்கும் கருவிக்கும் நடுவே தடுப்பு கிடையாது. ஃபேஸும் நியூட்ரலும் இடம் மாறினால், எர்த்தை வைத்து அளந்தால் 110 வோல்ட் கருவிக்குள் 230 வந்து நிற்கும். தனித்தனிச் சுற்று உள்ள ஐசொலேஷன் வகை, அவுட்புட்டிலும் எர்த் இழுத்தது என்று கேட்டு வாங்குங்கள்.

முனகலுக்கு இன்னொரு காரணமும் உண்டு, அதைச் சொல்ல வேண்டும். உள்ளே இருக்கும் டிரான்ஸ்ஃபார்மர் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸுக்குச் சுற்றியது. அதன் இரும்புக்குள் ஓடும் காந்தம் வோல்ட்டை ஹெர்ட்ஸால் வகுத்த கணக்கில் ஏறும். அங்கே 120க்கு 60, அதாவது 2. இங்கே லைன் 230 வந்து பெட்டி பாதியாக்கினால் 115க்கு 50, அதாவது 2.3. ராத்திரி லைன் 250ஐத் தொட்டால் 2.5, கால் பங்கு கூடுதல். இரும்பு திணறும், சூடாகும், காந்தம் வெளியே சிந்தும், ப்ரீஆம்ப் அதைக் குடிக்கும். ஆகவே பெட்டியை 110க்குப் பதில் 100 வோல்ட் தருகிற மாதிரிச் சுற்றச் சொல்லுங்கள். 100க்கு 50, மறுபடியும் 2. ஓசையின் பலம் கொஞ்சம் குறையும், வீட்டில் வாசிக்க அது பொருட்டே இல்லை. நிரந்தர வழி, நேராக 230 வோல்ட்டில் ஓடுகிற, வளைய வடிவ டொராய்டு டிரான்ஸ்ஃபார்மர் ஒன்றைச் சுற்றி உள்ளேயே வைப்பது. டொராய்டு வெளியே சிந்துவது மிகக் குறைவு. பழையதை மட்டும் தூக்கிப் போடாதீர்கள், பத்திரமாக வையுங்கள்.

திறந்து பார்க்கலாம், ஆனால் முறையோடு. பிளக்கை உருவி, சில நிமிடம் விட்டு, தகட்டில் வோல்ட் இல்லை என்று மீட்டரில் பார்த்த பிறகே கை உள்ளே போக வேண்டும். அந்த 150 சும்மா விடாது. ரீடுகளுக்கு மேலே உலோக ஷீல்டு மூடி இருக்கிறதா, அதன் திருகுகள் எல்லாம் இறுக்கமா என்று கவனியுங்கள். பலர் டியூன் செய்யத் திறந்துவிட்டு இதைப் பாதித் திருகோடு விட்டுவிடுவார்கள். உங்களுக்கு மிச்சம் இருக்கிற ஜ்ஜ்ஜ் சத்தத்துக்கு எர்த்துக்கு அடுத்தபடி இதுதான் என் சந்தேகம்.

கரகரக்கும் இரண்டு கட்டைகளில் டார்ச் அடித்துப் பாருங்கள். ரீடின் நுனியில் ஒரு பொட்டு சால்டரிங் ஈயம் இருக்கும். அதன் எடைதான் சுருதி, அதைச் சுரண்டினால் சுருதி ஏறும். எப்போதோ சுரண்டிய தூள், கப்பலில் வந்த தூசு, எதுவானாலும் ரீடுக்கும் தகட்டுக்கும் நடுவே விழுந்தால் பட் என்று வெடிக்கும். கேமரா லென்ஸ் துடைப்பவர்கள் வைத்திருக்கும் ரப்பர் ஊதியால் ஊதுங்கள். போகாவிட்டால் மெல்லிய தாளை இடைவெளியில் விட்டு மெதுவாக இழுங்கள். ரீடை வளைத்துவிடாதீர்கள், ஈயத்தைத் தொடவே தொடாதீர்கள். ஒரு பக்கமாக உரசுகிறது என்றால் ரீடின் திருகைத் தளர்த்தி நடுவில் நிறுத்தி இறுக்க வேண்டும். ஐப்பசி மழையில் ஈரம் சேர்ந்தாலும் இதே கரகரப்பு வரும், தூசும் ஈரமும் சேர்ந்தால் 150 வோல்ட் அங்கங்கே கசியும். சிலிக்கா ஜெல் பைகளை மூடிக்குள் வையுங்கள், வாசிக்காத நாளில் துணி போட்டு மூடுங்கள்.

உஸ்ஸ் சத்தம் ப்ரீஆம்ப்பின் பழைய கார்பன் ரெசிஸ்டர்கள். மெட்டல் ஃபிலிம் போட்டால் நன்றாகக் குறையும். அந்த 100 ஹெர்ட்ஸ் முனகலுக்கு எலக்ட்ரோலிட்டிக் கண்டென்சர்கள் எல்லாவற்றையும் ஒரேயடியாக மாற்றிவிட வேண்டும். இந்த மாடல் 1970களில் வந்தது, கண்டென்சர் இவ்வளவு காலம் உழைத்ததே பெரிது. இந்த இரண்டு வேலையும் சால்டரிங் பழகிய கைக்குத்தான், சர்வீஸ் மேனுவலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்ய வேண்டும்.

அம்பை_கிட்டார்:

அண்ணாச்சி, எர்த் விஷயம் புரிந்தது. எங்கள் ஆம்ப்புக்கும் முள்ளைத் திருப்பிப் போட்டுவிட்டோம். மேடை மிக்ஸரும் ஆம்ப்பும் ஒரே பாயிண்டில் இருந்தால் உறுமல் குறைகிறது.

கொடைக்கு_மைக்செட்:

மனசு குளிர்ந்தது தம்பி. அதுதான் சரியான வழி, எல்லாக் கருவிக்கும் ஒரே இடத்திலிருந்து எர்த் போக வேண்டும்.

தங்கச்சி, டக் டக்கை விட்டுவிட்டேன். அது கரண்ட் சம்பந்தப்பட்டதே இல்லை. 200ஏ கட்டைகள் மரம், அடியில் நிஜப் பியானோ மாதிரி ஆக்‌ஷன். கட்டை விழுந்து நிற்கிற இடத்திலும், வழிகாட்டும் ஊசியைச் சுற்றியும் ஃபெல்ட் இருக்கும். அது அமுங்கி இறுகிப்போனால் மரத்தில் மரம் இடிக்கும். கட்டையைப் பக்கவாட்டில் ஆட்டினால் லொட லொட என்கிறதா? ஊசித் துணி தேய்ந்திருக்கிறது. நேராக அழுத்தினால் மட்டும் டக் என்கிறதா? அடி ஃபெல்ட். ஹார்மோனியம் பழுது பார்ப்பவர்களிடம் நல்ல கம்பளி ஃபெல்ட் கிடைக்கும், பழையதன் அதே தடிப்பில் கேளுங்கள். தடிப்பு மாறினால் கட்டையின் ஆழம் மாறி வாசிப்பே கெடும். ரப்பர் ஷீட், ஃபோம் வேண்டாம், ஒட்டிக்கொள்ளும். தேங்காய் எண்ணெயோ மெஷின் எண்ணெயோ ஒரு சொட்டுக்கூட விடாதீர்கள். மரம் ஊதும், தூசு அப்பும்.

மொசைக் தரையில் நான்கு காலும் நேராக நிற்பதால் இடி தரைக்குப் போய் மைக்குக்குத் திரும்பி வரும். காலுக்கு அடியில் தடித்த ரப்பர் பாய் போடுங்கள். பதிவுக்கு மைக்கைவிட, சிக்னல் நேராக வெளியே வரும் ஆக்ஸ் அவுட் சாக்கெட்டிலிருந்து வயர் எடுங்கள், டக் டக் அப்போதே முக்கால்வாசி போய்விடும். உள் ஸ்பீக்கரின் ஓசையும் வேண்டுமென்றால் ஒரு மைக்கைப் பக்கத்தில் வைத்து இரண்டையும் கலந்துகொள்ளுங்கள்.

விற்கச் சொன்னவர்கள் பேச்சைக் கேட்காதீர்கள். டிஜிட்டல் கீபோர்டில் வுர்லிட்சர் என்று பெயர் போட்டு ஒரு டோன் இருக்கும். விரலின் அழுத்தத்துக்கு எஃகு ரீடு பதில் சொல்கிற விதம் அதில் வராது.

பெருமாள்புரம்_மாடிவீடு:

எலக்ட்ரீஷியன் வந்துபோனார் அண்ணாச்சி. சுவர் எர்த் நன்றாக இருக்கிறது, பெட்டியில்தான் கம்பியே இழுக்கவில்லை. 100 வோல்ட் ஐசொலேஷன் பெட்டி சுற்றக் கொடுத்திருக்கிறோம். ஷீல்டை இன்று பார்த்தேன். இரண்டு திருகு இல்லை, ஒன்று கழன்று கட்டைகளுக்கு நடுவே கிடந்தது. அதே அளவில் இங்கே கிடைக்குமா? அது அமெரிக்க மரை போலத் தெரிகிறது.

கொடைக்கு_மைக்செட்:

கழன்று கிடந்த திருகைக் கையோடு எடுத்துக்கொண்டு ஜங்ஷன் பக்கம் போல்ட் நட் கடையில் காட்டுங்கள். அங்குல மரைத் திருகுகள் தேடினால் கிடைக்கும். மில்லிமீட்டர் மரையை வலுக்கட்டாயமாகத் திருகாதீர்கள், ஓட்டை கெட்டுவிடும். பெட்டி வந்ததும் முதலில் அந்தப் பீப் சோதனை, அப்புறம்தான் பிளக்.